ஜனாதிபதி என்னும் பெரிய துரை

மலையகத்தில் ஒரு கருத்து நெடுநாளாக விலைபோய்க் கொண்டிருக்கிறது. நிறைவேற்று அதிகாரம் படைத்த ஜனாதிபதி முறை சிறுபான்மை மக்களுக்கு வாய்த்த வரப்பிரசாதம் என்பதே அக்கருத்து. பாராளுமன்றத்தில் நமக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க ஆசனங்களே. ஆனால் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி ஒரு மனிதரைத் தெரிவு செய்யும்போது, அம்மனிதர் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டுவதற்கு நமது லயத்து வாசலுக்கு வந்தே தீரவேண்டும். வந்தவரிடம் வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்று அட்டன் முதல் பதுளை வரை மேடைகள்தோறும் முழங்கப்பட்டிருக்கிறது. இம்முழக்கத்தைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்து முதிர்ந்துவிட்டது.

இது பொய் என்று நாம் சொல்கிறோம். வெறும் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டு அப்பால் நகரலாம். ஆனால் இப்பொய் மலையகத் தொழிலாளியைத் தன் உரிமைக்குப் போராடும் மனிதன் என்ற நிலையிலிருந்து இறக்கி, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையேந்தி நிற்கும் யாசகனாக மாற்றியிருக்கிறது. ஆகவே அதனை ஆராய்ந்து பார்ப்பது எமது கடமையாகிறது.

அரசியல் யாப்பைப் படித்தறியாத தொழிலாளிக்கும் ஜனாதிபதி முறை புதியதன்று. அவனுடைய பாட்டன் காலத்திலிருந்தே அவன் அந்த ஆட்சியின் கீழ்தான் வாழ்ந்து வந்திருக்கிறான். குன்றின் உச்சியிலே பங்களா. பங்களாவிலே பெரிய துரை. வேலை கொடுப்பவரும் அவரே, குடியிருக்கும் லயத்துக்கு உடையவரும் அவரே, குற்றம் விசாரிப்பவரும் அவரே, தண்டனை விதிப்பவரும் அவரே. அவருக்குக் கீழே சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாக இறங்கிவந்த அதிகாரம், விடியற்காலைப் பிரட்டிலே மழையில் நனைந்து நிற்கும் தொழிலாளியின் தலைமீது வந்து அமர்ந்தது. துரை நல்லவராக வாய்த்தால் லயத்துக் கூரைக்குத் தகரம் கிடைக்கும். கெட்டவராக வாய்த்தால் அதுவும் கிடையாது. இரண்டும் துரையின் குணத்தைப் பொறுத்தவை. தொழிலாளியின் உரிமையைப் பொறுத்தவை அல்ல. தொழிற்சங்கம் என்ற ஒன்று தோட்டத்துக்குள் புகுந்தபோது அது எதிர்த்தது எந்த ஒரு துரையையும் அன்று; இந்த முறையையே எதிர்த்தது. அப்படிப் போராடிய மக்களிடமே, நாட்டுக்கு ஒரு பெரிய துரை இருப்பது நல்லது என்று உபதேசிக்கிறார்கள்!

ஒரு மனிதரிடம் அதிகாரம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு அவர் நல்லவராக இருப்பார் என்று நம்பிய நாடுகளின் கதை உலக வரலாற்றில் ஏராளம். மேற்கு ஆபிரிக்காவின் கானாவை எடுத்துக்கொள்வோம். தேயிலையை நம்பிய இலங்கையைப் போலவே, கொக்கோ என்ற ஒரே பயிரை நம்பியிருந்த நாடு அது. 1957இல் பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் தலைவர் குவாமே இன்குருமா சாதாரண மனிதரல்லர். ஆபிரிக்காவின் விடுதலைக்கே குரல் கொடுத்தவர். ஏகாதிபத்தியம் அஞ்சிய பெயர். அத்தகையவரே 1958இல் விசாரணையின்றி மனிதரைச் சிறைவைக்கும் தடுப்புக் காவற் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1960இல் நாடு குடியரசாகி அவர் ஜனாதிபதியானார். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட டான்குவா 1965இல் சிறையிலேயே உயிர்நீத்தார். 1964இல் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் கானா ஒரே கட்சி ஆளும் நாடாயிற்று. கேள்வி கேட்கும் வாய்கள் யாவும் அடைக்கப்பட்ட பின், கொக்கோவின் விலையும் சரிந்து மக்கள் வாடிய வேளையில், 1966 பெப்ரவரி 24ஆம் நாள், இன்குருமா பீக்கிங் சென்றிருந்தபோது, இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் 1972இல் ஒரு சதிப்புரட்சி, 1979இல் ஒன்று, 1981இல் மற்றொன்று. 1992இல் புதிய யாப்பு எழுதப்பட்டு, எவரும் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது என்று வரம்பு கட்டப்படும்வரை அந்நாட்டு மக்கள் பட்ட துயரம் கொஞ்சமன்று.

இதிலிருந்து ஏகாதிபத்தியவாதிகள் பெறும் பாடம், கறுப்பு மக்களுக்கு ஆளத் தெரியாது என்பது. நாம் பெறும் பாடம் வேறு. மக்களின் சபைகளை வெறுமையாக்கி ஒரு நாற்காலியை மட்டும் உயர்த்திவிட்டால், அந்த நாற்காலியைப் பிடிக்க இராணுவத்துக்கு ஒரு விடியற்காலை போதும். நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் எத்துணைப் பெரிய விடுதலை வீரராயினும் இவ்விதி மாறுவதில்லை.

இலங்கையிலும் துப்பாக்கியால் ஆட்சியைப் பிடிக்க முயன்றவர்கள் உண்டு. 1962 ஜனவரியில் இராணுவத்தையும் பொலிசையும் சேர்ந்த உயர் அதிகாரிகள் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தனர். சதி முன்னதாகவே வெளியாகி முறிந்தது. ஆனால் கானாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே 1966ஆம் ஆண்டில், டிசம்பர் மாதத்தில், ஜே. ஆர். ஜயவர்த்தனா கொழும்பில் ஆற்றிய உரையொன்றில், பாராளுமன்றத்தின் விருப்பு வெறுப்புகளுக்குக் கட்டுப்படாத பலமிக்க நிறைவேற்றுத் தலைவர் இந்நாட்டுக்குத் தேவை என்றார். சதிகாரர்கள் நள்ளிரவில் தேடியதை அவர் நண்பகலில், சட்டத்தின் வழியாகவே தேடினார். 1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்றதும் அது கைகூடியது. பிரதமராகத் தெரிவான அவர், இருந்த யாப்பைத் திருத்தி, ஜனாதிபதித் தேர்தல் எதையும் சந்திக்காமலே, 1978 பெப்ரவரி 4ஆம் நாள் நிறைவேற்று ஜனாதிபதியானார். அவ்வாண்டு செப்டம்பரில் புதிய யாப்பு அரங்கேறியது.

அந்த யாப்பு ஒரே மனிதரை நாட்டின் தலைவராகவும், அரசாங்கத்தின் தலைவராகவும், முப்படைகளின் தளபதியாகவும் ஆக்கியது. அவர் பதவியிலிருக்கும் காலத்தில் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று அதன் 35ஆம் உறுப்புரை வேலி கட்டியது. அமைச்சரையும் நீதியரசரையும் நியமிப்பது அவர் பொறுப்பு. 1947ஆம் ஆண்டின் பொதுசனப் பாதுகாப்புச் சட்டம் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சொத்து. அதன்படி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, யாப்பு ஒன்றைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மேவும் விதிகளை ஆக்குவதும் அவர் கையில் வந்து சேர்ந்தது.

கிடைத்த ஆயுதம் உறையிலே கிடக்கவில்லை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளரும் ஊழியரும் பொதுவேலைநிறுத்தம் செய்தபோது, அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, 40,000க்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். அவர்களிற் பலர் மீண்டும் தலையெடுக்கவே இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. 1982இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்கள் வாங்கி வைக்கப்பட்டன. டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு என்ற பெயரில், தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது. கானாவின் 1964ஐ இலங்கை 1982இல் தன் கையெழுத்தில் பிரதி செய்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது ஜனாதிபதியா? இல்லையே, பாராளுமன்றம் அல்லவா? உண்மை. 1947இல் மலையக மக்கள் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து துடைத்தெறிந்தன. 1952 தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவர்கூடச் சபையில் இல்லை. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒரு மேசையில் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தேயிலைப் பெட்டிகளைப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்தனர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணனைப் பொலிசார் சுட்டுக் கொன்றபோதும் நிறைவேற்று ஜனாதிபதி இருக்கவில்லை.

இவையெல்லாம் பாராளுமன்ற ஆட்சியின் பாவங்களே. அவற்றுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 1971 முதல் 1977 வரை நாட்டை அவசரகாலச் சட்டத்தின் கீழ் வைத்திருந்த அரசில், இடதுசாரிகள் என்று தம்மை அழைத்துக்கொண்டோரும் அமர்ந்திருந்தனர் என்பதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு சபையின் பெரும்பான்மை நமக்கு அநீதி இழைத்தது என்பதற்காக, அதே பெரும்பான்மையின் பலம் முழுவதையும் திரட்டி ஒரே மனிதரிடம் கொடுப்பதா பரிகாரம்? சபையில் குறைந்தபட்சம் எழுந்து நின்று எதிர்க்க ஓர் இடம் உண்டு. ஏழு பேர் எதிர்த்துப் பேசியது பதிவேட்டில் இருக்கிறது. மாளிகையில் கையொப்பமிடும் பேனாவை எதிர்த்துப் பேச யாருக்கு இடமிருக்கிறது?

அந்தப் பேனா மலையகத்துக்கு என்ன எழுதியது என்று பார்ப்போம். 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தற்காலிகமானது என்று சொல்லி வந்த அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சர் ஒருவரின் கட்டளையால் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்க அது அன்று இடமளித்தது. பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் அளித்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தைக் கொண்டே தண்டிக்கலாம். வடக்கை நோக்கி எழுதப்பட்ட இச்சட்டம் மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. வடக்கிலோ தலைநகரிலோ குண்டு வெடித்த நாட்களில் லயத்துக் கதவுகள் இரவில் தட்டப்பட்டன. அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்காக மட்டுமே இளைஞர்கள் காவலில் கிடந்தனர். அந்த அட்டையைக் கொடுக்காதிருந்ததும் அதே அரசுதான்!

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் உயிர்தப்பிய பல்லாயிரம் தோட்டக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு ஓடின. அவர்களைக் குடியமர்த்தி, மண்வெட்டியும் விதையும் கொடுத்து வாழவைக்க முயன்றது காந்தீயம் என்னும் இயக்கம். 1983 ஏப்ரலில் அதன் செயலாளர் டாக்டர் இராஜசுந்தரம் கைது செய்யப்பட்டார். ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் பூட்டுக்குப் பின்னால், அவர் அடித்துக் கொல்லப்பட்டார். அப்படுகொலை நிகழ்ந்த வேளையில் நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் இருந்தது. சர்வ வல்லமை படைத்த ஜனாதிபதி, தன் சிறையில் பூட்டி வைத்திருந்த மனிதரைக் காக்க வல்லமை அற்றவராக இருந்தார். அகதிகளாய் வடக்கே போன அக்குடும்பங்களிற் பல, பின்னர் மூன்று பத்தாண்டுகள் நடந்த போரின் நடுவே அகப்பட்டுச் சிதைந்தன. இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, மலையகத்தின் மிகப் பெரிய தொழிற்சங்கத்தின் தலைவர் 1978 முதல் அந்த ஜனாதிபதியின் அமைச்சரவையில் வீற்றிருந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பேரம் பேசியதால்தானே குடியுரிமை கிடைத்தது என்பார்கள். கிடைத்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாகவே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற நியதி வந்தது. 1986 ஜனவரியில், தைப்பொங்கல் நாளில், பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. காலையில் மலைக்குப் போகவேண்டிய கைகள் கூப்பியபடி கோயில் வாசலில் நின்றன. கொழுந்து முற்றிக் கரட்டிலை ஆயிற்று. தொழிற்சாலை யந்திரங்கள் ஓய்ந்தன. அந்த ஓய்வுதான் கொழும்பின் காதுக்கு எட்டிய மொழி. 1986இலும் 1988இலும் நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன. 1988 சட்டம் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வந்ததால், அது ஜனாதிபதி முறை தந்த பரிசு என்று சொல்லிக்கொண்டார்கள். கொழுந்து பறிக்க மறுத்த கைகளுக்குச் சேரவேண்டிய பெருமையை வாக்குக் கணக்குப் போட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1988 டிசம்பர்த் தேர்தலில் பிரேமதாசா நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் அரை வீதம்கூட முழுதாய்ச் சேராத நிலையில் வென்றார். மலையக வாக்குகள்தாம் அவரை ஜனாதிபதியாக்கின என்று தலைவர்கள் மார்தட்டினர். இருக்கட்டும், அவர்கள் சொல்லும் தத்துவத்தின்படியே பார்ப்போம். நாம் ஆக்கிய ஜனாதிபதி நமக்கு என்ன செய்தார்? 1992இல் அரசுக்குச் சொந்தமான தோட்டங்களை 22 கம்பெனிகளின் நிர்வாகத்திடம் ஒப்படைத்தார். தொழிலாளியிடம் எவரும் கேட்கவில்லை. பிரட்டுக் களத்தில் மீண்டும் கம்பெனித் துரையின் குரல் ஒலித்தது. நமது வாக்கின் விலை அதுதான்.

இனி, மலையகத்துக்கு நிலைத்த பயன் தந்த வேறு இரு சட்டங்களைக் கவனியுங்கள். நாடற்றவர் என்ற இழிபெயரை முற்றாக நீக்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எப்போது நிறைவேறியது? ஜனாதிபதி ஒரு கட்சியிலும் பாராளுமன்றப் பெரும்பான்மை மறு கட்சியிலும் இருந்து, ஜனாதிபதியின் கை ஓரளவு கட்டுண்டிருந்த காலத்தில். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை தோட்டத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்ட முடியாத விந்தை முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்தத் தடை நீங்கியது 2018இல். 2015இன் 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்திருந்த காலத்தில். இவை தற்செயலாக நிகழ்ந்தன என்று எவரேனும் சொல்லக்கூடும். அப்படியாயின், பலமுள்ள ஜனாதிபதி ஒருவர் தன் பலத்தைக் கொண்டு தோட்டத் தொழிலாளிக்குக் கம்பெனியிடமிருந்து பெற்றுத்தந்த ஓர் உரிமையை அவர்கள் எடுத்துக்காட்டட்டும்.

வரப்பிரசாதத் தத்துவத்தின் மிச்சமீதியையும் 2019 நவம்பர் தகர்த்தெறிந்தது. நுவரெலியா மாவட்டம் எதிர்த்து வாக்களித்தது. வடக்கும் கிழக்கும் எதிர்த்து வாக்களித்தன. ஆயினும் முன்னாள் இராணுவ அதிகாரி கோட்டாபய ராஜபக்ச நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வீத வாக்குகளுடன் ஜனாதிபதியானார். சிறுபான்மையினரின் வாக்கில்லாமல் எவரும் ஜனாதிபதியாக முடியாது என்று நாற்பது ஆண்டுகள் கற்பிக்கப்பட்ட பாடம் ஒரே இரவில் காலாவதியாயிற்று. எழுபது வீதத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மை இனத்தை அச்சமூட்டி ஒரு திசையில் திரட்டிவிட்டால், லயத்து வாசலுக்கு வரவேண்டிய தேவையே இல்லை என்பதை அத்தேர்தல் காட்டியது.

அதன்பின் நடந்ததை இராணுவ ஆட்சி என்று சொல்ல முடியாது என்பார் சிலர். தெருவில் டாங்கிகள் ஓடவில்லை, வானொலி நிலையம் கைப்பற்றப்படவில்லை, உண்மைதான். தேவையில்லாததைச் செய்வானேன்? 2020 ஜூனில், ஒழுக்கமுள்ள சமூகத்தை உருவாக்குவதற்கென்று அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் படை, பொலிஸ் அதிகாரிகளே நிறைந்திருந்தனர். தலைமை பாதுகாப்புச் செயலாளரிடம். கொள்ளை நோய்த் தடுப்பின் தலைமை இராணுவத் தளபதியிடம். சுகாதார அமைச்சின் செயலாளர் ஒரு மேஜர் ஜெனரல். 1962இன் சதிகாரர்கள் உடைத்துத் திறக்க முயன்ற கதவு, 2020இல் ஒரு கையொப்பத்தால் உள்ளிருந்தே திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் பழைய அதிகாரங்களை மீண்டும் அள்ளிக் கொடுத்தபோது, மலையகத் தமிழரின் வாக்கால் எதிரணியில் சபைக்குச் சென்ற ஒருவரும் ஆதரித்துக் கை உயர்த்தினார். வரப்பிரசாதத் தத்துவம் பெற்ற பிள்ளை அந்தக் கை.

ஒரு மனிதரின் பேனா ஒரு நாட்டின் மண்ணை என்ன செய்ய முடியும் என்பதை அடுத்த ஆண்டு தேயிலைச் செடிகளே சாட்சி சொல்லின. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. விவசாயியைக் கேட்கவில்லை, தேயிலை ஆராய்ச்சியாளரின் எச்சரிக்கை செவியில் ஏறவில்லை, பறிக்கும் பெண்ணைக் கேட்பது என்ற எண்ணமே எவர் மனத்திலும் உதித்திருக்காது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் செடி வர்த்தமானியைப் படித்து உடனே தளிர்ப்பதில்லையே! 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. புள்ளிவிபரத்தில் இது ஐந்து கோடி கிலோ. மலையில் இதன் பொருள் வேறு. காடு மண்டிய நிரையில் அட்டைக்கடியோடு எட்டு மணிநேரம் நின்றும் குறித்த கிலோ கொழுந்து சேராத பெண்ணுக்குச் செக்ரோலில் விழுந்தது அரைப் பேர். பசளையைத் தடை செய்தவர் சம்பளம் இழக்கவில்லை, அவள் இழந்தாள். அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டாத விலைக்கு ஏறிய 2022இல், லயத்துக் குழந்தைகள் அரைவயிற்றோடு உறங்கியதற்கு அந்தக் கையொப்பமும் ஒரு காரணம்.

அவ்வாண்டு ஜூலையில் மக்கள் வெள்ளம் மாளிகைக்குள் புகுந்தது. ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். ஆனால் நாற்காலி ஓடவில்லை. அடுத்தவர் அமர்ந்ததும் முதல் வேலையாக ஜூலை 22 அதிகாலையில் காலிமுகத்திடலின் கூடாரங்களுக்குள் படையினர் ஏவப்பட்டனர். ஆளை மாற்றி நாற்காலியை விட்டுவைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட விரைவான பாடம் வேறில்லை.

இத்தனை வல்லமை படைத்த நாற்காலி, தோட்டக் கம்பெனியின் முன்னால் எப்படி நடந்துகொள்கிறது? 2020 மார்ச் முதல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவித்தார். அது செக்ரோலுக்கு வந்துசேர ஓர் ஆண்டு பிடித்தது. வந்ததும் பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோக் கணக்கு ஏறியது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில், அந்நாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று பிரகடனம் செய்தார். கரகோஷம் மலைகளில் எதிரொலித்தது. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், அத்தொகை 1,350 ரூபாயில் வந்து நின்றது. 40,000 ஊழியரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்ப முடிந்த பதவி, ஒரு கூடைக் கொழுந்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய் கூட்டித்தர முடியாமல் கைகட்டி நின்றது. தொழிலாளியை நோக்கும்போது சிங்கம். முதலாளியை நோக்கும்போது பூனை. இந்த நாற்காலியின் வர்க்க குணம் இதுதான்.

இந்நாற்காலியை ஒழிப்போம் என்று சொல்லாதவர் யார்? 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார். 2005இல் மகிந்த ராஜபக்ச வாக்களித்தார். பின்னர் 2010இல் 18ஆம் திருத்தத்தால் இரு தடவை என்ற வரம்பையே நீக்கிக்கொண்டார். 2015இல் மைத்திரிபால சிறிசேன வாக்களித்தார். 2018இல் அவரே யாப்பை மீறிப் பாராளுமன்றத்தைக் கலைத்து, உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் தடுக்கப்பட்டார். 2024இல் அனுரகுமார திசாநாயக்கவும் வாக்களித்தே வென்றார். அவ்வாண்டு நவம்பரில் அவர் அணி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியா மாவட்டமும் அந்த அணிக்கே முதலிடம் தந்தது. மூன்றில் இரண்டு பலம் இல்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. இந்த வாக்குறுதியை மலையகம் கேட்டு வாங்க வேண்டும்; புதியவர் நல்லவர் என்ற நம்பிக்கையில் வாளாவிருப்பது, நல்ல துரைக்காகக் காத்திருந்த பழைய கதையே.

ஆனால் கேட்க வேண்டியவர்கள் யார்? பழைய தோட்டத்தில் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. எத்தனை தலைகளை அவன் பிரட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறானோ அத்தனைக்கும் கணக்கிட்டுக் காசு. ஜனாதிபதித் தேர்தல் நமது அரசியலில் புதிய கங்காணிகளை உண்டாக்கியது. இத்தனை ஆயிரம் வாக்குகள் என் பையில் என்று கொழும்புக்குப் போய்க் கணக்குச் சொல்பவர்கள். அதற்கீடாக ஒரு அமைச்சும் ஒரு வாகன வரிசையும் பெற்று மீள்பவர்கள். சந்தாப் பணம் கட்டும் தொழிலாளி இவர்களுடைய கணக்கில் ஒரு தலை மட்டுமே. ஜனாதிபதி முறை நமக்குப் பாதுகாப்பு என்று இவர்கள் சொல்லும்போது, அந்த ‘நமக்கு’ என்ற சொல்லில் தொழிலாளி அடங்கவில்லை.

எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. 1947இல் மலையகம் அனுப்பிய ஏழு பிரதிநிதிகளில் ஒருவர், தலவாக்கலையில் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை. அவர் கவிஞர், தொழிற்சங்கவாதி, தோட்ட மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டியவர். சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னும் அவர் பேனா ஓயவில்லை. மலையகத்தின் துயரத்தை உருக்கமாகப் பாடுவதோடு நமது பணி முடிந்துவிட்டது என்று எண்ணும் எழுத்தாளர்கள் அவர் வாழ்வைக் கற்கட்டும். பனியையும் மழையையும் பாடுவது எளிது. அதிகாரம் எங்கிருந்து எவ்வாறு இறங்கி வந்து அந்த முதுகை வளைக்கிறது என்று காட்டுவதே கடினம். அந்தக் கடினமான பணியைச் செய்யாத இலக்கியம் துரை பங்களாவின் வரவேற்பறையில் தொங்கும் படம் போன்றது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி ஒழிக்கப்படவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படவேண்டும். அதே கூற்றை வேறு வேடத்தில் கொண்டுவரும் சட்டங்களும் ஏற்கப்படலாகாது. அவசரகால அதிகாரம் மக்கள் சபையின் கடிவாளத்துக்குள் வரவேண்டும். ஆனால் 1948இன் நினைவுள்ள நாம், அதிகாரத்தை மாளிகையிலிருந்து எடுத்துக் கொழும்புச் சபையில் கொட்டுவதோடு அமைதியடைய முடியாது. அது மேலும் கீழிறங்கி, சிறுபான்மை மக்களைக் காக்கும் காப்புறுதிகளோடு, மாகாண சபைக்கும் பிரதேச சபைக்கும் வரவேண்டும். லயத்தில் இருநூறு ஆண்டுகளாக வாழும் குடும்பத்துக்குத் தான் நிற்கும் மண்ணின் உரித்து வேண்டும். உரித்துள்ள காணியில் நிற்கும் மனிதனை எந்தத் துரையும் எளிதில் வெருட்ட முடியாது.

இவற்றை எவரும் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை. 1984இலும் 1986இலும் எது வென்றதோ அதுவே இனியும் வெல்லும். வாக்கை விற்க வரும் கங்காணியைத் திருப்பி அனுப்புங்கள். சங்கத்தைத் தலைவரிடமிருந்து மீட்டுத் தொழிலாளியிடம் கொடுங்கள். சிங்களக் கிராமத்து உழவனும் கொழும்புத் துறைமுகத் தொழிலாளியும் அதே நாற்காலியால் அடிபட்டவர்கள். பசளையின்றிக் கருகிய வயலும் பசளையின்றி வாடிய தேயிலையும் ஒரே பேனாவின் காயங்கள். அவர்களோடு கைகோத்து நில்லுங்கள். மலையகம் கூப்பிய கைகளோடு ஒருமுறை நின்றபோது கொழும்பு அதிர்ந்தது. அக்கைகள் ஏனைய உழைக்கும் கைகளோடு கோத்து நிற்கும் நாளில், பெரிய துரையின் நாற்காலி நிற்க இடமிராது.